சின்ன ஊர்க் கடைத்தெருவில் பழம்பொருளும் கைவேலைப் பொருளும்: எதைச் சோதித்து வாங்குவது?

நூல்கண்டு (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சின்ன ஊருக்குப் போகவிருக்கிறோம். ஒரே தெருவில் பழம்பொருள் கடைகள், மட்பாண்டப் பட்டறை, நெசவுக் கடை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. கையில் ஒரு பகல்தான் இருக்கிறது.

வாங்க நினைப்பவை: இழுப்பறைகள் உள்ள சின்ன மர அலமாரி ஒன்று, தினமும் சாப்பாட்டுக்குப் புழங்கும்படி கிண்ணங்கள் ஆறு, தரையில் போட ஒரு விரிப்பு, சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரம்.

"கையால் செய்தது", "நூறு வருஷத்துப் பொருள்" என்று அட்டை தொங்குவதை எப்படிச் சரிபார்ப்பது? கடையில் நின்றபடியே ஐந்து பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகளாகச் சொன்னால் உதவியாக இருக்கும். என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பதும் வேண்டும்.

இழைப்புளி

மரச்சாமானை முதலில் சொல்கிறேன். காசு அதிகம் போவதும், ஏமாறுவதும் அதில்தான்.

பையில் இவை இருக்கட்டும்: அளவு டேப், சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு கறுப்புத் தாள். அலமாரி வைக்கப்போகும் இடத்தின் அகலம், உயரம், ஆழம், வீட்டு வாசலின் அகலம், மாடிப்படித் திருப்பம், வண்டியின் பின்கதவுத் திறப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு படியில் திரும்பாமல் நிற்கும் அலமாரிகள் நிறைய.

கடையில் முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அதைத்தான் துடைத்து, மெருகேற்றி வைத்திருப்பார்கள். கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஓர் இழுப்பறையை முழுசாக உருவி எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பக்கப் பலகையும் முகப்புப் பலகையும் சேரும் மூலையில் விசிறி வடிவப் பற்கள் கோத்திருக்கும். டவ்டெயில் பொருத்து என்பார்கள். கையால் அறுத்ததானால் பற்கள் ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசப்படும், அளவுக்குக் கீறிய மெல்லிய கோடும் பக்கத்திலேயே தெரியும். எல்லாப் பல்லும் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் இயந்திரம் வெட்டியது. இயந்திரப் பொருத்து இருப்பதாலேயே அது புதுசு என்று ஆகிவிடாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்த இயந்திரங்கள் வந்துவிட்டன. அரை வட்டத்துக்குள் ஒரு முளை இருப்பது போன்ற பொருத்தைக் கண்டால் அது பெரும்பாலும் அமெரிக்க வேலை, ஏறக்குறைய 1870 முதல் 1900 வரைக்குள்.

அடுத்தது ரம்பத் தடம். மெருகு போடாத முதுகுப் பலகையில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். வளைவு வளைவாகக் கோடு இருந்தால் வட்ட ரம்பம், 19-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருப்பது அரிது. நேர்க்கோடுகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் கை ரம்பமாக இருக்கலாம்.

திருகாணி நல்ல சாட்சி. கூட்டல் குறி போலத் தலை வெட்டிய பிலிப்ஸ் திருகாணிக்குக் காப்புரிமை கிடைத்தது 1936-இல். அது இருந்தால் அந்தப் பகுதி அதற்குப் பிந்தியது. அல்லது பிற்பாடு பழுது பார்த்திருக்கிறார்கள். சுற்றிலும் பழைய திருகாணித் துளை காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கைப்பிடிக்கும் இதே கணக்கு: இழுப்பறையின் உள்பக்கத்தில் அடைத்த துளைகள் கூடுதலாக இருந்தால் கைப்பிடி மாற்றியது. அதற்காக வாங்காமல் விட வேண்டாம், விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

உளுத்த மரம்தான் பெரிய தலைவலி. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் மரவண்டு வெளியேறிய வழி. துளை இருப்பது பெரிசில்லை, உள்ளே உயிர் இருக்கிறதா என்பதே கேள்வி. அலமாரிக் காலுக்குக் கீழே கறுப்புத் தாளை விரித்து, மேலே கைமுட்டியால் பத்துத் தடவை தட்டுங்கள். வெளிறிய புதுத் தூள் கொட்டினாலோ, துளையின் உள்விளிம்பு புதுமரம் போல வெளுப்பாக இருந்தாலோ வேண்டாம், வீட்டிலிருக்கும் மற்ற மரச்சாமானுக்கும் பரவும். துளையின் உள்ளே கறுத்து அழுக்கேறியிருந்தால் பழைய கதை. தூளுக்குப் பதில் கடுகைவிடச் சிறிய, ஆறு பட்டை உள்ள உருண்டைகள் விழுந்தால் அது காய்ந்த மரத்துக் கரையான். ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள்.

பெயின்ட் அடித்த பழைய அலமாரி என்றால் ஒரு எச்சரிக்கை. காரீயம் கலந்த பெயின்ட் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குத் தடையானதே 1978-இல்தான். அடுக்கடுக்காக உரிந்திருக்கும் பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது; தூள் மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உரியும் பெயின்டோடு எதையும் வைக்க வேண்டாம்.

சூளைமண்

கிண்ணங்களுக்கு நான். தினமும் சாப்பிட என்கிறீர்கள், அப்படியானால் பழம்பொருள் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். பட்டறையில் நேரே குயவரிடம் வாங்குங்கள். பழைய பீங்கானின் மெருகிலும் (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு), அதற்கு மேலே தீட்டிய பூவேலையிலும் காரீயமும் காட்மியமும் இருக்கலாம், குறிப்பாகச் சிவப்பு, ஆரஞ்சு, அடர்மஞ்சள் நிறங்களில். அவை அலமாரியில் அழகாக நிற்கட்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை இவை. எத்தனை டிகிரியில் சுடுகிறீர்கள்? 1200 முதல் 1300 வரை என்றால் கல்பாண்டம். மண் இறுகி, தண்ணீர் உறிஞ்சாது. 1000 முதல் 1150 என்றால் மென்மண் பாண்டம். மெருகில் விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், மைக்ரோவேவில் வைத்தால் கிண்ணமே கை சுடும். மெருகு நீங்களே கலந்ததா, வாங்கியதா? உணவுக்கு ஏற்றது என்று ஆய்வகத்தில் சோதித்ததா? நல்ல குயவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், இன்னும் இரண்டு விவரம் சேர்த்தே சொல்வார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்பவரிடம் பூச்சாடி வாங்கலாம், சாப்பாட்டுக் கிண்ணம் வேண்டாம்.

இனிக் கையால் சோதிப்பது. கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி, விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டுங்கள். 'ணங்' என்று நீண்டால் நல்லது. 'டொக்' என்று அடங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. (நன்றாகச் சுடாத மென்மண்ணும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் அதே அடுக்கில் உள்ள இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.) கவிழ்த்து அடிவளையத்தைக் கன்னத்திலோ மணிக்கட்டிலோ தேய்த்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறும். உள்ளே தண்ணீர் ஊற்றித் தாளின் மேல் ஒரு இரவு வைக்கும் சோதனை வீட்டில்தான் முடியும். ஆகவே ஒழுகினால் மாற்றித் தருவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு கிண்ணமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்று கடையிலேயே அடுக்கிப் பாருங்கள்.

சக்கரத்தில் வனைந்ததா, அச்சில் வார்த்ததா? உள்பக்கம் நடுவிலிருந்து சுழன்று ஏறும் விரல் தடம், அடியில் கம்பியால் அறுத்த வளைகோடு, சீவிய அடிவளையம் இவையெல்லாம் சக்கரத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் எதிரெதிரே இரண்டு மெல்லிய நேர்க்கோடு மேலிருந்து கீழே ஓடினால் அச்சின் மூட்டு.

பழைய பீங்கானை அலங்காரத்துக்கு வாங்கினால் அடி முத்திரையை இப்படிப் படியுங்கள். நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு, ஏனென்றால் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது அப்போதுதான். 'நிப்பான்' என்று இருந்தால் 1891 முதல் 1921 வரை, அதன்பின் 'ஜப்பான்'. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றால் இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1952 வரை. வைர வடிவ முத்திரை பிரிட்டனின் வடிவப் பதிவு, 1842 முதல் 1883 வரை. 1884 முதல் வெறும் எண். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதிவு அந்த வடிவத்துக்குத்தான், உங்கள் கையிலிருக்கும் தட்டுக்கு அல்ல. 1885-இல் பதிந்த வடிவத்தை இருபது வருஷம் கழித்தும் செய்திருக்கலாம். 'டிஷ்வாஷர் சேஃப்' என்று அடியில் இருந்தால் மேலே எவ்வளவு பழைய பூவேலை இருந்தாலும் நூறு வருஷம் கிடையாது.

பாவும்ஊடையும்

விரிப்பைப் புரட்டுங்கள், அதுதான் முதல் வேலை. முடிச்சிட்டு நெய்தது என்றால் முன்பக்கத்து வடிவம் பின்பக்கத்திலும் அப்படியே முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் தொடர்ச்சியாகவே வெளியே வந்திருக்கும். குஞ்சத்தைத் தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கம் முழுக்கக் கான்வாஸ் துணி ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, ரப்பர் பசையால் நிறுத்தியது. அதையும் கையால்தான் செய்கிறார்கள், அட்டையில் "கைவேலை" என்று போடுவதும் பொய்யில்லை. ஆனால் சில வருஷத்தில் பசை காய்ந்து வெள்ளைத் தூளாகக் கொட்டும், பழுதுபார்க்கவும் முடியாது. இரண்டும் ஒரே விலைக்கு இருக்கக் கூடாது.

முடிச்சில்லாத தட்டையான நெசவானால் இரண்டு கரையையும் பாருங்கள். கைத்தறியில் அகலம் இங்கே ஒரு நூல், அங்கே இரண்டு நூல் கூடிக் குறையும். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்க ஓரங்களில் ஊசி முனைக் குச்சியைக் குத்தி வைப்பார்கள். அதன் சின்னத் துளைகள் கரையோரம் வரிசையாகத் தெரிந்தால் நல்ல அடையாளம். குறுக்கே ஓடும் ஊடை நூல் கரையில் திரும்பாமல் வெட்டுப்பட்டுத் தும்பாக நின்றால் நவீனத் தறி.

சாயத்துக்கு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடர்நிறம் உள்ள இடத்தில் பத்துத் தடவை தேயுங்கள். கறை பிடித்தால் வீட்டில் முதல் ஈரத்திலேயே பக்கத்து நிறத்தில் இறங்கும். சிவப்பும் கறுப்பும் இதில் முக்கியமானவை. பிறகு விரிப்பை மடித்து, மடிப்பைக் காதருகே பிடித்து மெதுவாக அழுத்துங்கள். மொறுமொறுவென்று முறியும் சத்தம் கேட்டால் அடிநூல் இற்றுவிட்டது. அதை எதனாலும் காப்பாற்ற முடியாது.

என்ன நூல் என்று சந்தேகமானால் கரையிலிருந்து ஒரு இழை கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே கொளுத்துங்கள். தாள் போல எரிந்து மென்சாம்பலானால் பருத்தி. மயிர் கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் கரியும் வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியானால் பாலியஸ்டர் போன்ற செயற்கை நூல்.

கம்பளியில் அரிப்புத் தெரிந்தாலும் பூச்சி இல்லையென்றால் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். பெரிய விரிப்பு உங்கள் குளிர்பெட்டியில் கொள்ளாது, ஆகவே பெரிசில் பூச்சி அறிகுறி இருந்தால் விட்டுவிடுங்கள்.

நூல்கண்டு

மிக்க நன்றி. இழைப்புளி ஐயா, ஒரு கேள்வி. வேண்டுமென்றே பழசு போலச் செய்வார்கள் என்கிறார்களே, அதை எப்படிப் பிடிப்பது? சூளைமண், மெருகில் எலுமிச்சைத் துண்டு வைத்துப் பார்த்தால் போதும் என்று கேள்விப்பட்டேன், சரியா?

சூளைமண்

பாதி சரி. எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்து, அந்த இடத்தில் நிறம் வெளுத்தாலோ பளபளப்பு மங்கினாலோ அந்த மெருகு அமிலத்தைத் தாங்கவில்லை, உணவுக்கு ஆகாது. ஆனால் ஒன்றும் மாறவில்லை என்பதால் காரீயம் இல்லை என்று ஆகாது. நிறமே மாறாமலும் காரீயம் கசியும். நிராகரிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், நம்புவதற்கு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கோணல் மாணலாக இருந்தால் கைவேலை" என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். தேர்ந்த குயவர் வனைந்த ஆறு கிண்ணமும் உயரத்தில் மில்லிமீட்டர் கணக்கில்தான் மாறும். இன்னொரு பக்கம், அச்சில் வார்த்துவிட்டு வேண்டுமென்றே விளிம்பை நெளித்து விற்கிறார்கள். அப்படி நெளித்தவை பத்தை வரிசையாக வைத்தால் எல்லாவற்றிலும் நெளிவு ஒரே இடத்தில் இருக்கும்.

இழைப்புளி

கை படும் இடம், கால் படும் இடம், உரசும் இடம் மூன்றிலும்தான் மரம் தேயும். நாற்காலியின் முன்குறுக்குச் சட்டம் தேயும், பின்சட்டம் அவ்வளவாகத் தேயாது. இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ சங்கிலியும் உப்புத்தாளும் போட்டிருக்கிறார்கள். இழுப்பறையின் அடி விளிம்பு தேய்ந்திருந்தால் அது ஓடும் சட்டத்திலும் அதற்கு ஈடான பள்ளம் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது கூர்மையாக இருந்தால், ஒன்று வேறெங்கோ இருந்து வந்தது.

உளுத் துளையையும் துரப்பணத்தால் போடுவார்கள். மெல்லிய கம்பியை உள்ளே விடுங்கள். வண்டு குடைந்த வழி உள்ளே வளையும், கம்பி சீக்கிரமே முட்டி நிற்கும். துரப்பணத் துளையில் கம்பி நேரே சீராக இறங்கி அடியைத் தொடும். எல்லாத் துளையும் ஒரே ஆழம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வட்ட மேசை கண்ணில் பட்டால் ஒரு நல்ல சோதனை: விட்டத்தை மர இழையோடு ஒருமுறையும் இழைக்குக் குறுக்கே ஒருமுறையும் அளங்கள். மரம் காலப்போக்கில் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் சுருங்குவது மிகக் கொஞ்சம். ஆகவே பழைய திட மர மேசை துல்லியமான வட்டமாக இருக்காது, குறுக்கே சில மில்லிமீட்டராவது குறையும். இதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

இரும்புக் கீலில் துரு பார்க்கும்போது, விரலால் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடியாக வருவது அமிலம் ஊற்றி அண்மையில் வரவழைத்தது. பழந்துரு கறுப்பு கலந்த பழுப்பாக, இரும்போடு ஒட்டிக் கெட்டியாக இருக்கும். பித்தளை என்று சொன்ன கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டாலும் துத்தநாகக் கலவையாக இருக்கலாம்; மறைவான இடத்தில் தேய்ந்த பகுதி சாம்பல் நிறமா, மஞ்சளா என்று லென்ஸால் பாருங்கள்.

பழையமணி

கடிகாரத்தைப் பற்றி யாரும் தொடவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் "இதைச் சாவி கொடுத்து ஓட விடுங்கள்" என்று சொல்லிவிட்டு மற்ற கடைகளுக்குப் போய்வாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், மணியும் சரியாக அடிக்க வேண்டும். டிக், டிக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டுகிறது என்றால் முதலில் பெட்டியின் அடியை இடமோ வலமோ ஒரு துளி நகர்த்தினால் சரியாகிறதா பாருங்கள். சரியானால் அது மாட்டிய விதத்தில் உள்ள கோணல்தான், பழுதல்ல. "சாவி அதிகமாகக் கொடுத்ததால் இறுகிப் போச்சு, சின்ன வேலைதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முழுக்கச் சாவி கொடுப்பதால் கடிகாரம் நிற்காது. எண்ணெய் காய்ந்து பிசினானதாலோ, தண்டு சுழலும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமானதாலோ நிற்கும். முதலாவதற்குக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். இரண்டாவதற்கு ஒவ்வொரு துளையிலும் புது வளையம் அடிக்க வேண்டும், செலவு கடிகார விலையைத் தாண்டலாம்.

பெட்டியும் உள் இயந்திரமும் ஒரே ஜோடியா? முதுகுப் பலகையில் இயந்திரத்தைத் தாங்கும் திருகாணிகளுக்குப் பக்கத்தில் வேறு துளைகள் இருந்தாலோ, முகப்பில் சாவித் துளை இயந்திரத் தண்டுக்கு நேராக இல்லாமல் ஓரத்தில் இடித்தாலோ இரண்டு கடிகாரத்தைச் சேர்த்தது.

இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் உள்ள பழைய அலாரம் கடிகாரம், கைக்கடிகாரம் கண்ணில் பட்டால், 1960-கள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் சேர்த்தார்கள். ஒளி மங்கிப் போனாலும் கதிர்வீச்சு போகவில்லை. கண்ணாடி மூடி உடைந்ததை வாங்காதீர்கள், எக்காரணம் கொண்டும் திறந்து சுரண்டாதீர்கள். பழைய மின்விளக்கு வாங்கினால் துணி சுற்றிய ஒயரை மாற்றாமல் பிளக்கில் செருகக் கூடாது.

"எலும்பு வேலைப்பாடு" என்று வெள்ளைப் பொருள் எதையாவது நீட்டினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலை போலத் தெரிந்தால் யானைத் தந்தம். தந்த வணிகம் உலக ஒப்பந்தத்தின் கீழ் கட்டுப்பட்டது, எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பறிமுதலாகலாம்.

விலை பேசுவது: பழம்பொருளில் பேசலாம், தவறில்லை. குறையைக் குற்றமாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்தக் கால் மாற்றியதுதானே, அதைச் சேர்த்துச் சொன்ன விலையா?" ஒரே கடையில் இரண்டு மூன்று எடுத்தால் மொத்தமாகக் கேளுங்கள். செய்தவரே உட்கார்ந்து விற்கும் இடத்தில் அடித்துப் பேசாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது "செகண்ட்ஸ் இருக்கிறதா" என்பது. மெருகில் ஒரு புள்ளி, விளிம்பில் ஒரு கோணல் என்று ஒதுக்கி வைத்தவை நியாயமாகவே குறைந்த விலைக்கு வரும், அவருக்கும் நஷ்டமில்லை. பெரிய பொருளுக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்கி, பொருள், மரம் அல்லது நூல், அவர் சொன்ன காலம், செய்த பழுது எல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள். வாயால் "நூறு வருஷம்" என்றவர் எழுதும்போது "பழைய அலமாரி" என்று மட்டும் எழுதினால், அதுவே பதில்.

இன்னொன்று: சின்ன ஊரில் பல கடைகள் வாரத்தில் சில நாள்தான் திறக்கும், பட்டறையில் சூளை வேலை நடக்கும் நாளில் விற்பனை இருக்காது. முதல் நாளே போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மரச்சாமானைக் காலையில் முடித்து, கிண்ணங்களைக் கடைசியாக வாங்குங்கள்.

கட்டி எடுத்து வருவது. கடிகாரத்தின் ஊசலைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். கழற்றாமல் தூக்கினால் ஊசல் தொங்கும் தகட்டு வில் மடங்கிவிடும். தாள் கனம்தான் அது. சாவியையும் ஊசலையும் ஒரே பையில் போட்டுப் பெட்டிக்கு வெளியே கட்டுங்கள், உள்ளே விட்டால் கண்ணாடியில் மோதும். கிண்ணங்களைத் தனித்தனியே வெள்ளைத் தாளில் சுற்றுங்கள், செய்தித்தாள் மை மெருகில்லாத அடிவளையத்தில் ஏறும். தட்டு வாங்கினால் படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்குங்கள். அலமாரியின் இழுப்பறைகளை உருவி, எது எங்கே என்று சுண்ணக்கட்டியால் பின்பக்கம் எண் போடுங்கள். மெருகின் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது மெருகும் சேர்ந்து வரும். துணி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். தூக்கும்போது மேல்பலகையைப் பிடிக்காமல் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், பழைய பசை மேல்பலகையை மட்டும் கையோடு விட்டுவிடும்.